ஒரு மீட்டர் குழியில் வேம்: வேர்ப்பூஞ்சையைத் தோட்டத்திலேயே பெருக்கும் முழு வழிகாட்டி

எங்கள் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ உரக்கடைக்குப் போய் "வேம் இருக்குதுங்களா" என்று கேட்டால் மண் நிறத்தில் ஒரு பாக்கெட்டை எடுத்து வைப்பார்கள். எப்படிப் போடுவது என்று கேட்டால் "தூருல போட்டுத் தண்ணி விடுங்க, வேர் நல்லா ஓடும்" என்பதோடு சரி. நானும் அப்படித்தான் ஒரு வருடம் பத்துக் கிலோ வாங்கி, புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகளுக்கு டிஏபி என்ற மணிச்சத்து உரத்தோடு கலந்து மேலாகத் தூவித் தண்ணீர் விட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. வாங்கிய இடத்தில் அந்தப் பாக்கெட்டுகள் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அடுக்கிக் கிடந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஆனால் பழியை முழுக்க விற்றவர் மேல் போட முடியாது. நான் போட்ட விதத்துக்கு, அது எவ்வளவு நல்ல சரக்காக இருந்திருந்தாலும் வேலை செய்திருக்காது. ஏன் செய்திருக்காது என்பதில் ஆரம்பித்து, தோட்டத்திலேயே ஒரு குழி போட்டு இதைப் பெருக்குவது, பெருகியிருக்கிறதா என்று வேருக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பது, எதற்கு எவ்வளவு போடுவது வரை எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும்.

முதலில், இது என்ன ஜீவன்

வேம் என்பது வெசிகுலார் அர்பஸ்குலார் மைக்கோரைசா என்ற நீளமான பெயரின் முதலெழுத்துகள். இந்தக் கூட்டத்தில் எல்லாமே வெசிக்கிள் என்ற சேமிப்புப் பையைச் செய்வதில்லை என்பதால் ஆராய்ச்சிக்காரர்கள் இப்போது முதல் எழுத்தை விட்டுவிட்டு ஏஎம் பூஞ்சை என்கிறார்கள். நமக்கு வேம் போதும். மைக்கோரைசா என்றால் கிரேக்க மொழியில் பூஞ்சை வேர். 1885-இல் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர் அது. ட்ரஃபிள் என்று மண்ணுக்கடியில் விளையும் விலை உயர்ந்த காளானைச் சாகுபடி செய்ய முடியுமா என்று பார்க்கச் சொல்லி பிரஷ்யாவில் அவரிடம் வேலையைக் கொடுத்தார்கள். அவர் பார்த்ததோ மரத்தின் வேர்நுனியைப் பூஞ்சை உறை போலச் சுற்றிக்கொண்டு இரண்டும் ஒன்றாகப் பிழைப்பதை. பைன் மரத்துக்கும், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் வெள்ளைக்குங்கிலிய மரத்துக்கும் அந்த வெளி உறை வகைதான். நம் தோட்டப் பயிர்களுக்கு வருவது வேறு வகை. அது வேருக்குள்ளேயே புகுந்து, செல்லுக்குள் சின்னச் செடி மாதிரி கிளை கிளையாக விரியும். அந்தக் கிளைக்குத்தான் அர்பஸ்கியூல் என்று பெயர்.

இந்தக் கூட்டாளித்தனம் நேற்று வந்ததில்லை. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊர்ப் பக்கம் சுமார் 40 கோடி வருடத்துக்கு முந்தைய செடிகள் கல்லாகிக் கிடக்கின்றன. சரியான வேர்கூட இல்லாத அந்தச் செடிகளின் தண்டுக்குள்ளேயே இதே கிளைகள் இருக்கின்றன. அதாவது செடிக்கு வேர் வருவதற்கு முன்னாலேயே பூஞ்சை வந்துவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் நடக்காத சத்து. தழைச்சத்து தண்ணீரோடு ஓடும், இது இருந்த இடத்திலேயே கிடக்கும். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இருப்பதை உறிஞ்சி முடித்துவிட்டால் அந்த வளையம் காலி. அதைத் தாண்டி, விரற்கடை தூரத்தில் இருப்பது இருந்தும் இல்லாத மாதிரி. பூஞ்சையின் இழை தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. வேர்த்தூவி நுழைய முடியாத மண் இடுக்கில் அது நுழைந்து, காலி வளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் போய் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் வேருக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது.

நம் பக்கத்து மண்ணுக்கு இது ரொம்பப் பொருந்தும். கேரளாவில் கரிசல் மண் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது இந்தச் சித்தூர் தாலுகாவில்தான். சுண்ணாம்பு அதிகமுள்ள அந்த மண்ணில் மணிச்சத்தை கால்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும். கொஞ்சம் மேற்கே போனால் செம்புறை மண், அங்கே இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். எந்த மண்ணாக இருந்தாலும் மூட்டை மூட்டையாகப் போட்டது பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகப் பூட்டிக்கொள்கிறது. ஒரு விஷயத்தை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பாஸ்போபாக்டீரியா என்று விற்கும் பாக்டீரியா உரம் பூட்டைத் திறக்கிற ஆள், வேம் சுமந்து வருகிற ஆள். இரண்டையும் ஒரே பாக்கெட் என்று நினைத்து "அதுதான் போட்டாச்சே" என்பவர்கள் நிறைய.

கூலி உண்டு. செடி வெயிலில் சமைத்ததில் சுமார் 4 முதல் 20 சதவீதம் வரை பூஞ்சைக்குப் போகிறது. சர்க்கரை மட்டும் கொடுக்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். கொழுப்பும் கொடுக்கிறது, பூஞ்சைக்குத் தானாகக் கொழுப்பு அமிலம் செய்யத் தெரியாது என்பது 2017-இல்தான் தெளிவானது. உயிருள்ள வேர் இல்லாமல் இது பெருகாது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். தயிர் உறை ஊற்றுகிற மாதிரி டிரம்மில் வெல்லத்தைக் கரைத்து வேம் பெருக்கலாம் என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அப்படிப் பெருகுவது வேறு ஏதோ.

ஏன் டிஏபி போட்டால் கெடுகிறது

மணிச்சத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசிய விடும். அதுதான் பூஞ்சைக்கு அழைப்பு. அது பட்டதும் இழை கிளை விட்டு வேரைத் தேடி வரும். ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் இதை வெளியிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் கரும்பிலும் சோளத்திலும் வேரில் ஒட்டிச் சாறு உறிஞ்சும் சுடுமல்லிக் களையும் இதே வாசனையை மோப்பம் பிடித்துத்தான் முளைக்கிறது. விருந்தாளிக்குத் திறந்த கதவு, திருடனுக்கும் திறந்துதானே இருக்கும்.

மணிச்சத்து தாராளமாக இருந்தால் வேர் இந்த அழைப்பையே குறைத்துவிடும். வீட்டில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கும்போது ரேஷன் கடை வரிசையில் யார் போய் நிற்பார்கள்? என் தென்னம்பிள்ளைக் கதை இதுதான். கிருஷி பவன் என்ற கேரள வேளாண் அலுவலகத்தில் கொடுத்த மண் பரிசோதனை அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு டிஏபி போட்டுக்கொண்டிருந்தேன். அட்டையில் மணிச்சத்து "அதிகம்" என்று போட்டிருந்தது.

ஆகவே முதல் படி குழி வெட்டுவதில்லை, மண் பரிசோதனை. கிடைக்கும் மணிச்சத்து ஹெக்டேருக்கு 22-25 கிலோவைத் தாண்டினால் பொதுவாக "அதிகம்" என்ற கணக்கு. அப்படியிருந்தால் வேமுக்குச் செலவழிக்காதீர்கள். மணிச்சத்து உரத்தை இரண்டு மூன்று போகம் நிறுத்துங்கள், மண்ணில் இருக்கிற பூஞ்சை தானாகவே வேருக்குத் திரும்பும். குறைவு, மத்திமம் என்று வந்தால் மேலே படியுங்கள்.

எந்தப் பயிருக்கு, எதற்கு வேண்டாம்

வேர்த்தூவி எவ்வளவு குறைவோ அவ்வளவு இந்தக் கூட்டாளி தேவை. தென்னைக்கு வேர்த்தூவியே கிடையாது. வெங்காயத்துக்குப் பேருக்குக் கொஞ்சம். மரவள்ளி, வாழை, எலுமிச்சை, மா, மிளகு, மஞ்சள், இஞ்சி, நிலக்கடலை, பயறு வகைகள், மிளகாய், தக்காளி, கத்தரி எல்லாம் இதோடு நன்றாகச் சேரும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு, பீட்ரூட், தண்டுக்கீரை வகைகள் சேரவே சேராது, அவற்றுக்குப் போடுவது தண்டம். தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலிலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

குழி போடுவது

இது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறை. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இடையிடையே சொல்கிறேன்.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு அடி ஆழம். தண்ணீர் தேங்காத மேட்டு இடமாக, காலையிலிருந்து வெயில் படும் இடமாக இருக்கட்டும். தென்னை நிழலில் போடாதீர்கள், மக்காச்சோளத்துக்கு வெயில் இல்லையென்றால் பூஞ்சைக்குச் சாப்பாடு இல்லை. உள்ளே கருப்பு பாலித்தீன் தாளை விரிக்க வேண்டும், குழி மண்ணிலிருக்கும் நூற்புழுவும் வேர் நோயும் உள்ளே வரக்கூடாது என்பதற்காக. விளிம்பில் நான்கு விரல் உயரத்துக்கு வரப்பு கட்டித் தாளை அதன் மேல் மடக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மழையில் வெளித்தண்ணீர் எல்லாம் உள்ளே.

நிரப்புவதற்கு 50 கிலோ வெர்மிகுலைட் (சூட்டில் பொரித்த கனிமத் துகள்), 5 கிலோ கிருமி நீக்கிய மண் என்பது கணக்கு. வெர்மிகுலைட் ரகத்துக்கு ரகம் எடை மாறும், பொரி மாதிரி லேசான ரகம் வந்தால் 50 கிலோ குழியில் அடங்கவே அடங்காது. எடையை விடுங்கள், 20 சென்டிமீட்டர் உயரம் நிரம்புகிறதா என்று மட்டும் பாருங்கள். அந்த ஐந்து கிலோ மண்ணை நான் பழைய இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்தேன். ஒரு மணி நேரம், ஆறவிட்டு மறுநாள் இன்னொரு மணி நேரம். முதல் நாள் ஆவியில் சாகாமல் முளைத்து வருவது இரண்டாம் நாள் போகும். அந்தப் பானை இனி சமையலறைக்கு வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார், அது தோட்டத்துச் சாமானாகிவிட்டது.

அடுத்து தாய் வித்து, அதாவது பெருக்குவதற்கு உறை மாதிரி போடும் வேம், ஒரு கிலோ. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வேளாண் பல்கலைக்கழகத்திலோ கிரிஷி விக்யான் கேந்திரா என்ற வேளாண் அறிவியல் நிலையத்திலோ நேராகக் கேட்டு வாங்குவது நல்லது. கடையில் வாங்கினால் தயாரித்த தேதி பாருங்கள், மூட்டை எங்கே வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையில் வேர்ப்பூஞ்சை உரத்துக்குத் தர அளவு சேர்த்திருக்கிறார்கள். ஒரு கிராமில் குறைந்தது இத்தனை உயிருள்ள வித்துகளோ இனப்பெருக்கத் துணுக்குகளோ இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பாக்கெட்டில் அந்த எண் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். "கோடிக்கணக்கான நுண்ணுயிர்" என்று மட்டும் போட்டிருந்தால் அது பாக்டீரியாப் பாக்கெட்டின் பேச்சு.

மேல்மட்டத்திலிருந்து 2 முதல் 5 சென்டிமீட்டர் கீழே இந்த ஒரு கிலோவைப் பாயாகப் பரப்பி, மேலே வெர்மிகுலைட்டால் மூடுங்கள். முளைத்து வரும் ஒவ்வொரு வேரும் அந்தப் பாயைத் துளைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். இந்த ஒரு யோசனைதான் நாற்றங்காலிலும் தூரிலும் எல்லா இடத்திலும். என் முதல் பத்துக் கிலோவை மேலே தூவினேன் பாருங்கள், வேர் போகாத இடத்தில் கிடந்து காய்ந்தது.

விதை மக்காச்சோளம். கடையில் பாக்கெட்டில் வரும் விதை ரோஜா நிறத்தில் இருக்கும்; அது பூசணக்கொல்லியும் பூச்சி மருந்தும் பூசிய விதை. பூஞ்சையை வளர்க்கப் போகிற குழியில் பூஞ்சையைக் கொல்லும் விதையை ஊன்றிவிட்டு அறுபது நாள் காத்திருப்பது எனக்கே நடந்திருக்க வேண்டியது, விதையைக் கையில் எடுத்தபோது விரலில் சாயம் ஒட்டியதால் தப்பித்தேன். மருந்து பூசாத விதை கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் நாட்டுச் சோளம் போதும். விதையை 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, நல்ல தண்ணீரில் நான்கைந்து முறை கழுவி, உடனே ஊன்றுங்கள்.

ஊன்றும்போது குழிக்கு யூரியா 2 கிராம், சூப்பர் பாஸ்பேட் 2 கிராம், பொட்டாஷ் 1 கிராம். கிராம்தான், கைப்பிடி இல்லை. பிறகு 30-ஆம் நாளும் 45-ஆம் நாளும் யூரியா 10 கிராம். மணிச்சத்து முதல் நாள் போட்ட இரண்டு கிராமோடு முடிந்தது. செடியைக் கொஞ்சம் பட்டினியாக வைத்திருப்பதுதான் இதில் தந்திரம். பார்க்கப் பாவமாக இருக்கும், கீழ் இலையில் ஊதா நிறம்கூட ஓடும். என் இரண்டாவது குழியில் நான் ஊரில் இல்லாத நாளில் மாமா வந்து பார்த்திருக்கிறார். திரும்பி வந்தால் மக்காச்சோளம் கருகருவென்று நிற்கிறது. "ஏன் மாப்ள, பயிர் வெளுத்துக் கெடந்துச்சு, மனசு கேக்கல, ஒரு கை டிஏபி போட்டு உட்டேன்" என்றார். நல்ல மனசுதான். அந்தக் குழி மாட்டுக்குத் தீவனமாகப் போனது, வித்தாக ஆகவில்லை.

தண்ணீர் விஷயத்தில் ஈரம் இருக்க வேண்டும், சொதசொதப்பு கூடாது. பூஞ்சைக்குக் காற்று வேண்டும். மழைக்காலத்தில் தொடங்குவதைவிட மார்கழி, தையில் தொடங்குவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

அறுபது நாள் ஆனதும் அறுவடை. அதற்குப் பத்து நாள் முன்னால் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். செடி காய ஆரம்பித்தால் பூஞ்சை தன் காலம் முடிகிறது என்று வித்துகளை உருவாக்க ஆரம்பிக்கும், நமக்கு வேண்டியது அதுதான். தட்டையை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, வேரையெல்லாம் எடுத்து ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, அதே வெர்மிகுலைட்டில் கலந்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காட்டாதீர்கள். வித்தும் இழையும் வேர்த்துண்டும் கலந்த இந்தக் கலவைதான் நம் வேம். பல்கலைக்கழகக் கணக்குப்படி ஒரு குழிக்கு 55 கிலோ வரும், 550 சதுர மீட்டர் நாற்றங்காலுக்குப் போதும்.

வேருக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பது

30-ஆம் நாளும் 45-ஆம் நாளும் குழியின் நான்கு மூலையிலும் ஒரு செடி பிடுங்கிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் அறுபது நாள் ஓட்டினால் கையில் இருப்பது வேமா, வெறும் வெர்மிகுலைட்டா என்று தெரியாது. ஆய்வகத்தில் ட்ரைபான் ப்ளூ என்ற சாயம் வைப்பார்கள், அது புற்றுநோய் வரவழைக்கும் என்ற சந்தேகமுள்ள பொருள். நமக்கு வினிகரும் பேனா மையும் போதும். 1998-இல் வெளியான முறை இது, உலகம் முழுக்கச் செய்கிறார்கள்.

நுனிப்பக்கத்து மெல்லிய வேர்களைக் கழுவி, ஒரு சென்டிமீட்டர் துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 10 சதவீதக் கரைசல் வேண்டும், அதாவது 100 மில்லி தண்ணீருக்கு 10 கிராம். தண்ணீரில்தான் அதைப் போட வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, சீறும். தோலைப் பொத்துவிடும், கண்ணில் பட்டால் பார்வை போகும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். அலுமினியப் பாத்திரத்தை அது அரித்துத் தின்னும், தீப்பற்றும் வாயுவும் வரும். கண்ணாடிச் சோதனைக் குழாயில் வேரோடு ஊற்றி, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் குழாயை நிறுத்தி வையுங்கள். மக்காச்சோள வேர் கொஞ்சம் முரடு, அரை மணி நேரம்கூட ஆகும். பழுப்பாக இருந்த வேர் வெந்த சேமியா மாதிரி கண்ணாடியாகத் தெரிய ஆரம்பித்தால் எடுத்துவிடலாம். நன்றாகக் கழுவி, வெள்ளை வினிகரில் சில நிமிடம் ஊறவிடுங்கள்.

பிறகு 95 மில்லி வினிகரில் 5 மில்லி பேனா மை கலந்து, அதில் வேரைப் போட்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். கருப்பு மை எனக்கு நன்றாக வந்தது, நீலத்தில் ஒன்று பிடிக்கவே இல்லை. மைக்கு மை வித்தியாசம் உண்டு, இரண்டு மூன்று வாங்கிப் பாருங்கள். கடைசியாகச் சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் இருபது நிமிடம் போட்டால் வேரில் ஏறிய வேண்டாத சாயம் இறங்கிவிடும், பூஞ்சையில் ஏறியது நிற்கும்.

கண்ணாடித் துண்டில் வைத்து, மேலே மெல்லிய மூடுகண்ணாடியைப் போட்டு விரலால் மெதுவாக அழுத்தி நுண்ணோக்கியில் பாருங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியரிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பார்க்க விடுவார். ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித நுண்ணோக்கி, ஃபோல்ட்ஸ்கோப், சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், அதுவும் உதவும். நான் முதல் தடவை பார்த்தபோது வேருக்குள் நீள நீளமாகச் செல்கள் செங்கல் அடுக்கிய மாதிரி வெளிறித் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு கருநீல இழை வேரின் போக்கிலேயே ஓடி, ஒரு இடத்தில் பலூன் மாதிரி முட்டையாக உப்பியிருந்தது. அந்தப் பலூன்தான் வெசிக்கிள், எண்ணெய் சேர்த்து வைக்கும் பை. 400 மடங்குக்கு மாற்றி நகர்த்திக்கொண்டே போனால் சில செல்களுக்குள் கரித்துண்டால் கிறுக்கிய புதர் மாதிரி ஒன்று. அதுதான் அர்பஸ்கியூல், கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடம். ஒரு அர்பஸ்கியூல் சில நாள்தான் உயிரோடு இருக்கும், பிறகு செடியே அதைச் செரித்துவிட்டு அடுத்த செல்லில் இன்னொன்றுக்கு இடம் கொடுக்கும்.

இழையில் குறுக்குச் சுவர் இருக்கிறதா என்று கவனியுங்கள். மூங்கில் கணு மாதிரி அடுத்தடுத்துத் தடுப்பு தெரிந்தால் அது வேறு பூஞ்சை, நோய்ப் பூஞ்சையாகக்கூட இருக்கலாம். வேமின் இழையில் பெரும்பாலும் தடுப்பே இருக்காது. பத்துத் துண்டில் ஐந்தாறிலாவது இழையோ பலூனோ தெரிந்தால் குழி நன்றாகப் போகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றிலும் இல்லையென்றால் நாற்பத்தைந்தாம் நாள் வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கலைத்துவிடுங்கள்.

போடும் அளவு

நாற்றங்காலுக்குச் சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்கு 2-3 சென்டிமீட்டர் கீழே. பாலித்தீன் பை நாற்றுக்குப் பைக்கு 5 முதல் 10 கிராம். நட்டு வைக்கும் கன்றுக்குக் குழியில் 20 கிராம், வேர் அதன்மேல் உட்காரும்படி. ஏற்கெனவே நிற்கும் மரத்துக்கு 200 கிராம். தென்னை என்றால் தூரிலிருந்து இரண்டு முதல் நான்கு முழம் தள்ளி மண்ணை மெதுவாகக் கிளறி, புது வெள்ளை வேர் கண்ணில் படும் இடத்தில் வைத்து மூட வேண்டும். வேர் படாத இடத்தில் 200 கிராம் வைப்பதும் இரண்டு கிலோ வைப்பதும் ஒன்றுதான்.

என்னைக் கேட்டால் நாற்றங்காலில் போடுவதுதான் காசுக்கு லாபம். அளவு குறைவு, வேர் சின்னதிலேயே பிடித்துக்கொள்ளும், நாற்று எங்கே போனாலும் கூடவே போகும். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு மட்டும் வைத்து வளர்க்கும் மிளகாய், தக்காளி நாற்றுக்கு இன்னும் பொருந்தும், ஏனென்றால் நார்க்கழிவில் இந்தப் பூஞ்சை கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. கார்பென்டாசிம் என்ற பூசணக்கொல்லியை ஊற்றும் பழக்கமிருந்தால் வேம் போட்ட நாற்றுக்கு அதை நிறுத்துங்கள். எல்லா மருந்தும் ஒரே மாதிரி இல்லை, மெட்டலாக்சில் வகை இதை அவ்வளவாகத் தொடுவதில்லை, கார்பென்டாசிம் தொடும்.

என்ன எதிர்பார்க்கலாம்? நட்ட நாற்று சீக்கிரம் வேர் பிடிக்கும், பங்குனி வெயிலில் வாடுவது ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போகும், மணிச்சத்து உரச் செலவு குறையும். மகசூல் இரட்டிப்பாகும் என்று பாக்கெட்டில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். மரங்கள் பூஞ்சை வழியாக ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன, தாய் மரம் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறது என்றெல்லாம் வீடியோக்களில் வருவதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சுசான் சிமார்ட் 1997-இல் கனடாக் காட்டில் ஒரு மரத்தின் கார்பன் இன்னொரு மரத்துக்குப் போவதைக் காட்டியது உண்மை. அதன்மேல் கட்டிய கதைகளில் பலவற்றுக்குக் காட்டில் போதிய ஆதாரம் இல்லை என்று அதே துறை ஆய்வாளர்களே 2023-இல் எழுதிவிட்டார்கள்.

இருப்பதைக் கொல்லாமல் இருப்பது

குழி போடவே நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள். பெரும்பாலான தோட்ட மண்ணில் இந்தப் பூஞ்சை ஏற்கெனவே இருக்கிறது. நாம்தான் அதை விடுவதில்லை.

எங்கள் பக்கத்தில் தென்னந்தோப்பை வருடத்துக்கு இரண்டு தடவை ரோட்டவேட்டர் விட்டுச் சலித்த மாவு மாதிரி வைத்திருப்பதுதான் நல்ல சம்சாரிக்கு அடையாளம். ஒரு புல் தெரிந்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் "ஆளில்லையா" என்று கேட்பார். மண்ணுக்குள் மாதக்கணக்கில் பின்னிய இழை வலை ஒரு ஓட்டில் துண்டு துண்டாகிறது. அது மறுபடி பின்னுவதற்கு உயிருள்ள வேர் வேண்டும், அதையும் களையென்று வழித்துப் போட்டுவிட்டோம். மழை மறைவுப் பக்கமான எருத்தேம்பதி, வடகரப்பதி மாதிரி இடங்களில் கோடை முழுக்க வெறும் மண் வெயிலில் காய்கிறது.

மரத்துக்கு மரம் இடையில் தட்டைப்பயறோ கொள்ளோ சணப்பையோ விதைத்துவிடுங்கள். பூக்கும் நேரத்தில் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுங்கள், உழ வேண்டாம். தண்ணீர் இல்லையென்றால் புல்லையாவது உயரமாக விட்டு வெட்டுங்கள், அதன் வேரும் வேர்தான். முட்டைக்கோஸ் அல்லது நெல் எடுத்த நிலத்தில் பூஞ்சை இளைத்திருக்கும், அடுத்ததாக மக்காச்சோளமோ பயறோ போட்டு ஒரு போகம் தேற்றிவிட்டு அப்புறம் வெங்காயம், மிளகாய்க்குப் போவது நல்லது. தொழு உரம் போடலாம். கோழி எருவை மட்டும் யோசித்துப் போடுங்கள், அதில் மணிச்சத்து அதிகம், வண்டி வண்டியாகக் கொட்டினால் டிஏபி கொட்டிய கதைதான்.

சேமிப்பதும் அடுத்த குழியும்

உலர்ந்த வேமைத் துணிப்பையிலோ காற்றுப் போகும் சாக்கிலோ நிழலில் வைத்து ஆறு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுகிறேன். பிளாஸ்டிக் மூட்டையில் ஈரத்தோடு கட்டி வைத்தால் வேர்த்துண்டு அழுகி நாறும்.

அதிலிருந்தே ஒரு கிலோவை அடுத்த குழிக்குத் தாய் வித்தாக எடுத்து வைக்கலாம். ஆனால் சாயம் ஏற்றிப் பார்த்து நல்லது என்று தெரிந்த மூலையிலிருந்து மட்டும் எடுங்கள். ஒரே வித்தை மூன்று தடவைக்கு மேல் ஓட்டுவதில்லை, நூற்புழுவும் வேறு பூஞ்சையும் சேர்ந்துகொண்டே போகும். வேரில் சின்னச் சின்ன முடிச்சு தெரிந்தால் அந்தக் குழிச் சரக்கை எங்கும் போடாதீர்கள், தக்காளி நாற்றங்காலுக்கு நூற்புழுவை நாமே கொண்டுபோய் விட்ட மாதிரி ஆகிவிடும். எனக்கு இப்போது நான்காவது குழி ஓடுகிறது, புது வித்து, இருபத்திரண்டாம் நாள். மாமா வருகிற பாதையில் குழியைச் சுற்றி முள் வேலி போட்டிருக்கிறேன்.